வினைச்சொல்லுக்கு மணி அடித்த மூன்று வாரம்

பரீட்சை எழுதப் போனது என் மருமகள். பயந்தது நான். போர்ச்சுகல் போய் வந்த கதையை ஒரு வரியில் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ரேவதி எங்கள் தங்கச் சுரங்க ஊரான கோரமண்டல் பெண். எங்கள் வீட்டுக்கு நாலு லைன், அதாவது நாலு வீட்டு வரிசை, தள்ளிப் பிறந்தவள், நர்ஸ் படிப்பு படித்தவள். என் மகன் தினேஷ் போர்ச்சுகலில் சரக்கு லாரி ஓட்டுகிறான். வண்டி எடுத்தால் பிரான்ஸ், ஜெர்மனி என்று பதினைந்து இருபது நாள் வீடு வர மாட்டான். ரேவதி அங்கே செட்டூபல் என்கிற துறைமுக ஊரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி ஒன்றில் வேலை செய்கிறாள். போர்ச்சுகீஸ் மொழிப் பரீட்சையில் பாஸ் செய்து சான்றிதழ் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு ஒப்பந்தம் முடிந்தது. எழுத்துப் பரீட்சையில் அவள் கெட்டிக்காரி. போன தடவை பேச்சுப் பரீட்சையில் போய்விட்டது. இது இரண்டாவது தடவை.

அவள் படிக்கிற மூன்று வாரமும் பேத்தி மித்ராவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். என் மனைவி அமுதாதான் போக வேண்டியது. அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

"நீங்க போங்க" என்றாள்.

"நானா? நான் ஏழாங்கிளாஸ்."

"ரெண்டரை வயசுக் கொழந்தைக்கு சோறு ஊட்ட எத்தினி கிளாஸ் படிக்கணும்?"

பெட்டியில் எட்டு கிலோ மசாலாப் பொடி, அதற்கு நடுவில் ஏழு கவர் சுற்றிய கருவாடு. கருவாடு வாசனை வருமா, பிடித்து ஜெயிலில் போடுவார்களா என்று விமானத்தில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. யாரும் பெட்டியைத் திறக்கச் சொல்லவே இல்லை. அதுவும் எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

போய் இறங்கிய மறுநாள் ரேவதி என்னைச் சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். ஒரு சுவர் முழுக்கக் கருவாடு. கதவுப் பலகை அளவுக்கு ஒவ்வொன்றும். ஒரு கிழவர் அதில் ஒன்றைத் தூக்கித் தட்டிப் பார்த்து வாங்கினார், நாம் தேங்காயைத் தட்டுவது மாதிரி. என் ஏழு கவரை நினைத்து எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்த ஊரில் வெயில் இருக்கிறது, வீட்டுக்குள் குளிர்கிறது. இது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தெருவில் ஸ்வெட்டரைக் கழற்றுகிறார்கள், வீட்டுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். சுவரெல்லாம் ஈரம். துவைத்த துணி காய மூன்று நாள். எங்கள் தகர வீடே தேவலை என்று அமுதாவிடம் போனில் சொன்னேன். "அங்க போயும் கொறையா?" என்றாள்.

சமையலறைச் சுவரில் சீட்டு சீட்டாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வினைச்சொல், துண்டு துண்டாக வெட்டி நடுவில் கோடு போட்டு. கீரை ஆய்ந்து வைத்த மாதிரி. மாலை வகுப்பு டீச்சர் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தாராம். முதலில் அசை அசையாக வெட்டு, பிறகு எது உடம்பு, எது வால் என்று பார்.

"ஃப-லார். இது பேசறது. உடம்பு ஃபால். வால்தான் மாறும். ஃபா-லு, நான் பேசறேன். ஃபா-லஷ், நீ பேசற. ஃபா-ல, அவரு பேசறாரு. ஃப-லா-முஷ், நாம பேசறோம்" என்று ரேவதி விரல் விட்டுக் காட்டினாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "இது நம்ம பாஷையாச்சேம்மா. பேசறேன், பேசற, பேசறாரு. ஆளு வாலுலதானே கீது. கன்னடத்துலயும் அப்பிடித்தானே, ஹோதென்னா போனேன், ஹோதன்னா போனான்."

"ஆமா மாமா. இங்கிலீஷ்லதான் ஆளை முன்னாடி தனியா நிக்க வைக்கணும். இவங்க நம்ம மாதிரி, வாலுலயே ஏத்தி அனுப்பிடறாங்க."

எப்படி வெட்டுவது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. நான் ஒவ்வொரு சீட்டாகக் கேட்டேன்.

"ரெண்டு எஸ் வந்தா நடுவுல வெட்டிடலாம். பஸ்-ஸார்னு. ரெண்டு ஆர் வந்தாலும் வெட்டலாம். ஆனா எல்லும் எச்சும் ஒட்டினு வந்தா வெட்டவே கூடாது. என்னும் எச்சும் அப்படித்தான்."

"அது இன்னா, புருசன் பொண்டாட்டியா?"

"ஆமா மாமா" என்று சிரித்தாள். "அந்த ரெண்டு எஸ்ஸும் அண்ணன் தம்பி. பாகம் பிரிச்சுடலாம்."

அன்றைக்கே அவளுக்கு எங்கே இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சீட்டைப் பார்த்தால் எல்லாம் வருகிறது. கேள்வி என்று கேட்டுவிட்டால் பதற்றம். கேள்வி முடிவதற்குள் பதிலைத் தொடங்கிவிடுவாள், போகிற வேகத்தில் வாலை விழுங்கிவிடுவாள். 'விடுதியில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்' என்று கேட்டால் 'நான் வேலை செய்கிறேன், நான் வேலை செய்கிறேன்' என்று ஓடுவாள். போன தடவை அப்படித்தான் ஆனதாம். பரீட்சை வைத்தவர் பேனாவைக் கீழே வைத்தாராம். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றாள்.

போதாக்குறைக்கு அந்த ஊர்க்காரர்களும் விழுங்குகிறார்கள். காத்திருப்பது என்கிற சொல் சீட்டில் மூன்று அசை. எஷ்-பெ-ரார். மீன் கடையில் அதையே ஒரு அம்மாள் 'ஷ்ப்ரார்' என்று ஒரே கடியில் முடித்துவிட்டார். "எழுதினா மூணு, காதுல ஒண்ணரை. நான் எப்படி மாமா புடிக்கறது?" என்று ரேவதி கண் கலங்கினாள்.

"நாம மட்டும் இன்னா பண்றோம்? இருக்கிறதுன்னு எழுதிட்டு கீதுன்னுதானே சொல்றோம்? வெளியூர்க்காரன் நம்மகிட்ட வந்து அழுதுனா கீறான்?" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். அவர்களும் 'ஷ்தா' என்கிற 'இருக்கு'வை வெறும் 'தா' ஆக்கித்தான் பேசுகிறார்களாம். போனை எடுத்தவுடன் ஹலோ கிடையாது, 'தோ' என்கிறார்கள். 'இருக்கேன்' என்று அர்த்தமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. போன் அடித்தால் முதலில் நமக்கு வருகிற கவலையும் அதுதானே, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று.

நாலாம் நாள் மித்ராவைக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து கூட்டிவர முதல் முறையாகத் தனியாகப் பஸ் ஏறினேன். ரேவதி எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். ஏழாவது நிறுத்தம். அதற்கு முன்னால் கம்பத்தில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினேன், ஒரு தடவை. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பஸ் நின்றது. கதவு திறந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கதவு மூடியது, பஸ் போய்விட்டது.

ஏன் எழுந்திருக்கவில்லை என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர்கள்தான் நம்புவார்கள். சுரங்கம் மூடுவதற்கு முன்னால் நான் ஒன்பது வருடம் பெல்மேன். ஷாஃப்ட் என்கிற கிணற்றில் ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜ் என்கிற கூண்டுக்கு மணி அடிப்பது என் வேலை. ஒரு மணி என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆள் இருக்கிறது, பார்த்து. நான் அடித்ததை மேலே என்ஜின் ஓட்டுகிறவர் அப்படியே திருப்பி அடிப்பார். அவர் கேட்டது சரிதான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி. திருப்பி மணி வராமல் யாரும் கால் வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. உள்ளே இருபது முப்பது பேர் நிற்பார்கள். எனக்கு இந்தக் கவலைப்படுகிற குணம் அங்கேதான் வந்தது என்று அமுதா சொல்வாள். கவலைப்படுகிறவன் என்பதால்தான் அந்த வேலையையே கொடுத்தார்கள் என்று நான் சொல்வேன்.

பஸ்ஸில் எனக்கு முன்பே யாரோ பொத்தானை அமுக்கியிருந்தார்கள் போல. நான் அமுக்கியபோது சத்தம் வரவில்லை. டிரைவரிடமிருந்து பதில் மணியும் வரவில்லை. இன்னொரு தடவை அமுக்கலாம் என்றால் இரண்டு மணிக்கு அர்த்தமே வேறு. அதனால் பதிலுக்குக் காத்திருந்தேன். மூன்று நிறுத்தம் தாண்டி, கறுப்புக் கோட்டு போட்ட ஒரு அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சீட்டை வாங்கிப் படித்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து இறக்கி, எதிர்ப் பக்கத்து நிறுத்தத்தில் கொண்டுபோய் விட்டு, "இங்கேயே நில்லுங்கள், அசையாதீர்கள்" என்று கையால் காட்டிவிட்டுப் போனார். நான் அசையவில்லை.

காப்பகத்தில் எல்லாக் குழந்தைகளும் போய்விட்டார்கள். மித்ரா மட்டும் கோட்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில். என்னைப் பார்த்ததும் "நாவ்" என்றாள். 'இல்லை' என்று அர்த்தம். அவளுக்கு அந்த மொழியில் முதலில் வந்த சொல் அதுதான். டீச்சர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். நான் மூன்று தடவை கும்பிட்டேன்.

சாயந்திரம் நடந்ததைச் சொன்னபோது ரேவதி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "மாமா, பஸ் டிரைவர் உங்களுக்குத் திருப்பி பெல் அடிக்கணுமா?"

"சிரிக்காதம்மா. அடிச்சிருந்தா நான் எறங்கியிருப்பேன்."

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "திருப்பி அடிக்கறதுன்னா, மொத்தமும் கேட்டப்புறம்தானே அடிக்க முடியும்?"

"ஆமா. பாதில அடிச்சா வேலையே போயிடும்."

"அப்போ எனக்கும் அடிங்க."

அன்றிலிருந்து எங்கள் பாடம் மாறியது. சீட்டைப் பார்த்து, எத்தனை அசையோ அத்தனை தட்டு நான் சமையலறை மேஜையில் கரண்டிக் காம்பால் தட்டுவேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் அதே எண்ணிக்கை திருப்பித் தட்ட வேண்டும். அதன் பிறகுதான் வாய் திறக்கலாம். ஃபா-லு, இரண்டு. ஃப-லா-முஷ், மூன்று. வேலை செய்கிறோம் என்பது த்ர-ப-ல்யா-முஷ், நான்கு. எல்லும் எச்சும் பிரியாமல் ஒரே தட்டில் வர வேண்டும். வாலை விழுங்கினால் நான் ஒரே ஒரு தட்டு. நிறுத்து. அவள் நின்று, மறுபடி முதலிலிருந்து.

இரண்டாம் நாள் நாங்கள் பாதியில் இருக்கும்போது கீழேயிருந்து நாலு தட்டு திரும்பி வந்தது. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். கீழ்த்தளத்தில் ஒரு காபிக் கடை. அதை நடத்துகிற அம்மாளின் பெயர் லூர்த்ஸ். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் சாம்பியன் ரீஃப் பக்கம் ஆறேழு லூர்து மேரிகள் உண்டு என்பதால் அந்தப் பெயரைக் கேட்டவுடனேயே பாதி பயம் போயிருந்தது. இப்போது முழுப் பயமும் திரும்பி வந்துவிட்டது. துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கிறார் என்றாள் ரேவதி.

மறுநாள் காலை ஒரு டப்பா முறுக்கோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். ரேவதி கூடவே வந்து மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் முறுக்கை உடைத்துத் தின்றுகொண்டே, "எதற்கு மன்னிப்பு? மேலேயிருந்து நாலு வந்தது, நானும் நாலு அனுப்பினேன். என்ன விளையாட்டு என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்" என்றார். பரீட்சை என்று ரேவதி சொன்னாள். "அப்படியானால் சத்தமாகவே தட்டுங்கள்" என்றார்.

அதற்குப் பிறகு மித்ராவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு தினமும் அந்தக் கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். பாலும் காபியும் உயரமான கண்ணாடித் தம்ளரில் கொடுப்பார்கள், பிடித்தால் விரல் சுடும். டவராவில் ஆற்ற வழியில்லாமல் ஊதி ஊதிக் குடித்தேன். அந்த ஊரில் கணவாய் மீனைப் பட்டை பட்டையாக வெட்டி மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள். ரப்பர் மாதிரி இருக்குமோ என்று பயந்து வாயில் வைத்தேன், வாழைக்காய் பஜ்ஜி போலக் கரைந்தது. வியாழக்கிழமை ஆட்டுக் குடல் மாதிரி ஏதோ வெள்ளைப் பயறோடு கொதித்துக்கொண்டிருந்தது. மாட்டுக் குடலாம். எங்கள் ஊரில் போட்டி என்று ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று வாங்குகிற சமாசாரம், அங்கே வெள்ளைத் தட்டில் கொத்தமல்லி தூவி வருகிறது. காரம்தான் போதவில்லை. சட்டைப்பையில் வைத்திருந்த மிளகாய்ப் பொடியை யாரும் பார்க்காதபோது தூவிக்கொண்டேன். லூர்த்ஸ் அம்மாள் பார்த்துவிட்டார். அடுத்த நாள் அவரே கையை நீட்டினார்.

மொழி தெரியாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் காது தானாக வேலை செய்கிறது. வருகிறவர்கள் கேட்பார்கள், அந்த அம்மாள் பதில் சொல்வார். கேள்வியும் பதிலும் ஒரே மாதிரி ஒலித்தன, வால் மட்டும் கொஞ்சம் வேறு. ஒரு நாள் ரேவதிக்கு லீவு. அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து அர்த்தம் சொல்லச் சொன்னேன்.

"ரொட்டி இருக்கா?" என்றான் ஒரு தபால்காரன்.

"இருக்கு."

"மழை பெய்யுதா?" என்று அந்த அம்மாள்.

"பெய்யுது."

"பை வேணுமா?"

"வேணும்."

"பாத்தியாம்மா? ஒருத்தரும் ஆமான்னு சொல்லல" என்றேன்.

ரேவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ஆமான்னு ஒரு வார்த்தை கீது மாமா, ஸீம்னு. நான் எல்லாத்துக்கும் அதைச் சொல்லிட்டுதான் ஆரம்பிப்பேன்."

"இவங்க கேள்வியையே திருப்பித் தராங்க. நம்மள மாதிரி. சாப்டியான்னா சாப்ட்டேன். ஆமான்னா சொல்றோம்?"

அவள் மேஜையில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினாள். கேர்? கேரு. வேணுமா, வேணும். மணி திரும்பி வருகிறது. கேள்வியில் வந்த அதே வினைச்சொல்லைப் பிடித்து, வாலை மட்டும் தன் பக்கம் திருப்பி, முதலில் அதை அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டால் கேட்டது சரியென்று எதிராளிக்கும் தெரிந்துவிடுகிறது, நமக்கும் தெரிந்துவிடுகிறது. அதன் பிறகு நிதானமாக மற்றதைச் சொல்லலாம். அந்த வாரம் முழுக்க அவள் தமிழ் எழுத்தில் எழுதித் தந்த கேள்விகளை நான் படிப்பேன், அவள் வினைச்சொல்லைத் திருப்பி அனுப்புவாள். சோறு வடிக்கும்போதும் மித்ராவுக்குத் தலை வாரும்போதும் இதேதான். மித்ரா எல்லாவற்றுக்கும் "நாவ்" என்று பதில் சொன்னாள்.

மூன்றாம் வாரம் சனிக்கிழமை பரீட்சை. மழை. மித்ராவை லூர்த்ஸ் அம்மாளிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பக்கத்து ஊரில் ஒரு பழைய பள்ளிக்கூடம், உயரமான கூரை, நீளமான நடை. எழுத்துப் பரீட்சை மத்தியானத்துக்குள் முடிந்தது. பேச்சுப் பரீட்சைக்கு ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். ரேவதி உள்ளே போகும் முன் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மூன்று விரலைக் காட்டினேன். ஆள் இருக்கிறது, பார்த்து. அவள் தலையாட்டினாள். கதவு மூடியது.

நடையில் சுவரோரமாக இரும்புக் குழாய் ஒன்று ஓடியது. உள்ளே சுடுதண்ணீர் போகிற ஹீட்டர் குழாய். மூன்று வாரமாக நான் பார்த்த முதல் வெதுவெதுப்பு அதுதான். இரண்டு கையையும் அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றேன். குழாய் சுவரைத் துளைத்து அவள் இருந்த அறைக்குள் போவதை நான் கவனிக்கவில்லை.

உள்ளே பேச்சு மெல்லக் கேட்டது. சொல் புரியாது, அவள் குரல் மட்டும் தெரியும். அது வேகமெடுத்தது. எனக்குத் தெரியும் அந்த வேகம். வால் போகிறது, வால் போகிறது என்று மனசு அடித்துக்கொண்டது. என் கை என்னைக் கேட்கவில்லை. கல்யாண மோதிரம் போட்ட விரல் குழாயில் ஒரு தட்டுத் தட்டிவிட்டது.

டங்.

அந்தப் பழைய குழாய் அதைக் கட்டடம் முழுக்கக் கொண்டுபோனது. கிணற்றடியில் குழாயைத் தட்டினால் மேலே கேட்கும் என்று ஒன்பது வருடம் தெரிந்தவன் நான். உள்ளே பேச்சு நின்றது. நிறுத்து என்றால் அவள் நிற்காமல் என்ன செய்வாள்? நான்தானே அப்படிப் பழக்கினேன். கையைக் குழாயிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு உள்ளே என்னவோ சத்தம், யாரோ சிரித்த மாதிரி. அவளைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

வெளியே வந்தவள் முகம் சிவந்திருந்தது. "ஏதோ பேசினேன் மாமா. தெரியல. வாங்க போலாம், பசிக்குது" என்றாள். குழாயைப் பற்றி ஒரு சொல் இல்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் பொத்தானை அவள்தான் அமுக்கினாள்.

இரண்டு நாளில் நான் ஊர் திரும்பினேன். லூர்த்ஸ் அம்மாள் ஒரு துண்டுக் கருவாட்டைச் சுற்றிக் கொடுத்தார். நான் அதை ஏழு கவரில் போட்டேன்.

கோரமண்டலில் வெயில் உறைத்தது, வீட்டுக்குள்ளும் சரியாகவே உறைத்தது. பழையபடி காலை வண்டியில் பெங்களூர் கிடங்கு வேலைக்கு, சாயந்திர வண்டியில் வீடு. கிடங்கில் பார்சலை எண்ணும்போதுகூட அந்த 'டங்' காதில் விழுந்தது. அவளுக்கு ஒரு பேனாச் சத்தம், எனக்கு இது. ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அமுதாவிடம் ஒரு வாரம் மறைத்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

"பரீட்ச எழுதறவளுக்கு வெளிய நின்னு பெல் அடிச்சீங்களா?"

"அடிக்கல. விரல் பட்டுச்சு."

"இன்னா மனுசனோ. அவகிட்ட சொல்லிடுங்க, இல்லாங்காட்டி சோறு எறங்காது உங்களுக்கு."

சொல்லவில்லை. ரிசல்ட் வரட்டும் என்று இருந்தேன். ஒவ்வொரு சாயந்திரமும் பங்காருபேட்டையில் வண்டி மாறியதும் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்வேன். பெயிலானால் முதலில் நான் பேச வேண்டும், தப்பு என்னுடையது என்று. அதைச் சொல்லும் விதத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

ஏழாவது வாரம் ஒரு புதன்கிழமை. கோரமண்டலில் இறங்கி பிளாட்பாரத்தில் கால் வைக்கிறேன், போன் அடித்தது. ரேவதி. அங்கே மத்தியானம்.

"தோ" என்றேன். இருக்கேன்.

"மாமா, ரிசல்ட் வந்துடுச்சு. கேளுங்க."

"இன்னா ஆச்சும்மா?"

"அப்படி இல்ல. ஒழுங்கா கேளுங்க."

வண்டி கடைசி ஸ்டேஷனான மாரிகுப்பம் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு யோசித்தேன். அந்த அண்ணன் தம்பி எஸ் வருகிற சொல். 'நீ பாஸ் பண்ணினாயா' என்பதற்கு வால் என்ன? பக்கத்தில் இருந்த சிமெண்டு பெஞ்சில் விரலால் எண்ணிப் பார்த்தேன். பஸ்-ஸாஷ்-த்.

"பஸாஷ்த்?" என்றேன்.

அந்தப் பக்கமிருந்து திரும்பி வந்தது, வால் அவள் பக்கம் திரும்பி.

"பஸெய்."

பாஸ் பண்ணினேன். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "அந்தக் கொழாய்ல தட்டினது நான்தாம்மா" என்றேன்.

"எந்தக் கொழாய்?"

"பரீட்ச அன்னிக்கு. உள்ள டங்குன்னு கேக்கல?"

"அது நீங்களா!" என்று கத்தினாள். பிறகு அவளால் பேசவே முடியவில்லை, அவ்வளவு சிரிப்பு. "ஹீட்டர்னு நெனச்சேன் மாமா. நான் வாலை விட்டுட்டு ஓடினு இருந்தேன், டங்குன்னுது. பரீட்ச பண்ற அம்மா திடுக்குனு எழுந்து, 'மன்னிச்சுக்குங்க, இந்த ஹீட்டர் ரொம்பப் பழசு, உங்களுக்குக் குளிருதா'ன்னு கேட்டாங்க. 'குளிருது'ன்னு திருப்பி அனுப்பினேன். அப்பால, 'எங்க வீட்டுல இந்த ஹீட்டர்கூட இல்ல, துணி காய மூணு நாள் ஆவுது, எங்க மாமனாரு வீட்டுக்குள்ள மப்ளர் கட்டினு தூங்கறாரு'ன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கும் அதே கதையாம். அஞ்சு நிமிஷம் நானும் அவங்களும் குளிரைத்தான் திட்டினு இருந்தோம். பரீட்சன்னே மறந்துட்டேன்."

வண்டி போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் என்னோடு ஒரு நாயும் நிலக்கடலை விற்கிறவரும்தான். நான் சிரித்ததைப் பார்த்து அவரும் சிரித்தார், காரணம் கேட்காமலே. ஒரு பொட்டலம் வாங்கினேன்.

"ஆனா பாவம் மாமா, அந்த ஹீட்டரை அன்னிக்கே ஆளைக் கூப்ட்டுப் பாக்கச் சொல்லணும்னு எழுதி வெச்சாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

வீட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் லைன் முனை திரும்பும்போது அந்த ஆளின் நினைவு வந்துவிட்டது. நல்லாயிருக்கிற ஹீட்டரைப் பார்க்க வந்த மெக்கானிக். அந்த நீள நடையில் மண்டியிட்டு, குழாயில் ஒரு தட்டுத் தட்டி, காதை வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பான். எதுவும் திரும்பி வந்திருக்காது.